படகு ஆடிய வேகம்

ஈரச் சாக்கின் வாடையும் தவிட்டுத் தூசியும், பில் அடிக்கிற பிரிண்டரிலிருந்து கிளம்பும் சூடான மை நாற்றமும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அது யாருக்கும் பிடிக்கக்கூடிய மணம் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தின் மத்தியானங்களை நான் அதற்குள் உட்கார்ந்துதான் கழித்தேன் என்பதால், இன்றைக்கும் எங்காவது அரிசிக் கடையைக் கடந்தால் என் நடை தானாகக் குறைந்துவிடும். ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்த மொத்த வியாபாரக் கடை அது. தெற்கேயிருந்து வந்த கடைக்காரரை ஊரே 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டது. அவருடைய கல்லாவுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே, மஞ்சள் துணி போர்த்திய புதுக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதன் திரையில் நான் செய்த படகு ஒன்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே என் தம்பி சகாயம் எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டிருப்பான்.

அப்பாவின் பெயர் பாக்கியநாதன். காசிமேட்டிலிருந்து லாஞ்சு என்கிற விசைப்படகில் தொழிலுக்குப் போனவர், ஓர் ஐப்பசி மாதக் காற்றில் போனவர் போனவர்தான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, கரையில் ஒதுங்கிய பலகை எதையும் இது நம்முடையது என்று யாரும் அடையாளம் சொல்லவில்லை. சகாயம் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். எனக்கும் அவர் முகம் சரியாக நினைவில்லை. மழையில் நனைந்து வந்து வாசலில் நின்று லுங்கியைப் பிழிகிற கை மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா கூடை தூக்கினாள். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

கல்லறைத் திருநாளன்று எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், செத்தவர்களின் மேடைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். எங்களைப்போல் கல்லறை இல்லாத வீடுகள் சாயங்காலத்தில் கடற்கரைக்குப் போகும். அதற்கு எங்கள் தெருவில் 'பேர் வுடறது' என்று பெயர். மணலில் மெழுகுவத்தியை ஊன்றி, காற்று அணைத்துவிடாமல் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, அந்த வீட்டு மகன் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீரில் இறங்குவான். கடலைப் பார்த்து, போனவரின் பெயரை ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்வான். பின்னால் நிற்கிற எல்லா வீட்டாரும் சேர்ந்து 'வந்து சேரு' என்பார்கள். பிறகு அடுத்த வீடு. ஜெபப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. கோயில் சாமியாரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். இதில் ஒரே ஒரு கண்டிப்புதான் உண்டு, பெயரை ஒரே வாய் முழுசாகச் சொல்ல வேண்டும். "பேரு முழுசா போய்ச் சேரணும் கண்ணு. பாதிப் பேரச் சொல்லிக் கூப்ட்டா யாரு திரும்பிப் பாப்பாங்கோ?" என்பாள் அம்மா.

மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை தாய்மாமன் சொல்லலாம். கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிவிட்டால் அவன்தான் சொல்ல வேண்டும். சகாயம் புதுநன்மை வாங்கினான். ஆனால் சகாயத்துக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் அவனைப் படுத்தியது, அதிலும் 'ப' என்றால் தொலைந்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சத்தமே வராது, கண் தானாக மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். எங்கள் பக்கத்துப் பேச்சோ படுவேகம். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியை வீசுகிற ஜனங்கள் நாங்கள். அவனுக்கு ஒரு வார்த்தை நிற்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு முடித்துவைப்பார்கள். பெட்டிக்கடையில் அவன் உதடு ஒட்டி நின்றால், "பருப்பா? பன்னா? பல்பொடியா?" என்று கடைக்காரர் வரிசையாகக் கேட்பார், எது வந்தாலும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்துவிடுவான். பன் கேட்கப் போனவன் பல்பொடியோடு வந்த நாளெல்லாம் உண்டு. அவர்களுக்கு அது இரக்கம்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த இரக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

முதல் வருஷம் அவன் தண்ணீரில் இறங்கி நின்றான். உதடு ஒட்டிக்கொண்டது. அலை வந்து போயிற்று, மறுபடி வந்து போயிற்று, பின்னால் இருந்தவர்கள் லேசாக இருமினார்கள். அவன் கஷ்டப்பட்டுப் 'பா' என்று தொடங்கியதும் எங்கள் பெரிய மாமா தாங்க மாட்டாமல் பின்னாலிருந்து "பாக்கியநாதன்" என்று குரல் கொடுத்துவிட்டார். எல்லாரும் 'வந்து சேரு' என்றார்கள். அடுத்த வீட்டுப் பையன் இறங்கினான். சகாயம் மட்டும் அதே இடத்தில், வாய் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து மாமா, "வுட்றா, மாமன் நான் கீறேன்ல? இனிமே நானே சொல்லிக்கினு போறேன்" என்று அவன் தலையைத் தடவினார். அவர் போன பிறகு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே, "பாதி இவன் வாயி, பாதி அண்ணன் வாயி. எங்க போயி நிக்குதோ அந்த மனுசன்" என்றாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அது சகாயத்தின் காதில் விழுந்துவிட்டது, அதன் பிறகு பல நாள் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டலோடு சரி.

இதற்குள் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் படித்த பெண்கள் பள்ளியில், யாரோ கழித்துக்கட்டிய பழைய மெஷின்களை ஓர் அறையில் வரிசையாக வைத்து 'லேப்' என்று பெயரிட்டிருந்தார்கள். அதில் கம்ப்யூட்டர் மிஸ் எங்களுக்குப் படத்தை அசைய வைக்கச் சொல்லிக்கொடுத்தார். டைமர் என்று ஒன்று உண்டு. அது பள்ளிக்கூட மணி அடிப்பவர் மாதிரி. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை மணி அடிக்க வேண்டும் என்று ஓர் எண்ணை எழுதிவிட்டால், ஒவ்வொரு மணிக்கும் நாம் சொன்ன வேலையை அது செய்யும். ஆயிரம் என்று எழுதினால் நொடிக்கு ஒரு தடவை. எண் குறையக் குறைய மணி வேகமாக அடிக்கும், படம் வழுக்கிக்கொண்டு நகரும். நான் ஒரு லாஞ்சு வரைந்தேன், கீழே நீலக் கோடு போட்டேன், ஒவ்வொரு மணிக்கும் படகு கொஞ்சம் ஏறி, உச்சிக்குப் போனதும் இறங்கும்படி எழுதினேன். எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்து, நங்கூரம் போட்ட படகு ஆடுகிற வேகம் வந்ததும் நிறுத்தினேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளியில் கண்காட்சி வைத்த நாளில் வீட்டாரை உள்ளே விட்டார்கள். அம்மாவுக்கு வியாபாரம், சகாயம் மட்டும் வந்தான். என் படகின் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. என்ன இப்படிப் பார்க்கிறான் என்று குனிந்தால், அவன் உதடு அசைகிறது. படகு ஒரு தடவை உச்சிக்கு வந்தால் 'பாக்', அடுத்த தடவை 'கி', அடுத்தது 'ய', பிறகு 'நா', பிறகு 'தன்'. மெதுவாக, ஆனால் எங்கேயும் நிற்காமல். ஜெபமாலை சொல்லும்போது கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் அவனுக்குத் திக்காது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பிடித்துக்கொள்ள முன்னால் ஒன்று போய்க்கொண்டிருந்தால் போதும். ஆனால் பேர் விடும்போது கூட நின்று சொல்ல யாரும் கிடையாது. அன்றைக்குத் திரையில் ஆடிய படகைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அப்பாவின் பெயரைத் தனியாகச் சொன்னான்.

பெண்கள் பள்ளிக்குள் அவனைத் தினமும் கூட்டிவர முடியாது. அதனால் படகை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி, உப்புக்காற்று படாமல் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற வீடு அவருடையது. வஞ்சிர மீனைத் தன் ஊர்ப் பெயரில் 'சீலா' என்பார், அம்மா சிரிப்பாள், அந்தப் பழக்கம்தான். அவர் துளியும் யோசிக்காமல், "உக்காருங்க புள்ளையளா, மத்தியானம் யாரு வாரா? கரண்டுதான, அரிசியா கொறையப் போவுது" என்று மஞ்சள் துணியை எடுத்துவிட்டார்.

படகை ஓட விட்டால் அது ஆடவில்லை, துடித்தது. உச்சி எது அடி எது என்று கண்ணுக்குத் தெரியாத வேகம். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "என்னம்மா, படகுக்குக் குளிர் சொரமா?" என்றார். எனக்கு அவமானமாகப் போயிற்று. விஷயம் பிறகுதான் புரிந்தது. பள்ளியில் நான் எழுதிய எண் மிகச் சின்னது. அந்தக் கிழட்டு மெஷினால் அவ்வளவு வேகமாக வரைய முடியாமல் தன்னால் முடிந்த வேகத்தில் வரைந்திருக்கிறது. அந்த இயலாமையைத்தான் நான் படகின் அழகான ஆட்டம் என்று நினைத்திருக்கிறேன். புது மெஷினோ சொன்னதைச் சொன்னபடி செய்தது. எண்ணைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், ஒருவழியாகப் பழைய ஆட்டம் திரும்பி வந்தது.

அதற்கும் ஒரு தொந்தரவு வந்தது. நடுவில் யாராவது அரிசி வாங்க வந்தால் அண்ணாச்சி மகன் பில் போடுவான். பிரிண்டர் கிர்ரென்று கத்தும், மெஷின் முழுக்க அந்த வேலைக்குப் போய்விடும், எங்கள் படகு பாதி ஏற்றத்தில் அப்படியே நிற்கும். கொஞ்சம் நடுங்கும், மறுபடி நிற்கும். முதல் தடவை அப்படி நின்றபோது சகாயமும் 'நா' என்ற இடத்தில் நின்றுவிட்டான். ஐயோ என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்தான். கடற்கரையில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு நான் அவன் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

"அதுக்கும் திக்குதுக்கா" என்றான், திக்காமல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாக ஓடாத ஒன்றைச் செய்துவிட்டோமே என்கிற எரிச்சல்தான் வந்தது. மறுநாளே மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "மெஷினுக்கு வேறு வேலை இருந்தால் மணி லேட்டாகத்தான் அடிக்கும். மணி எத்தனை தடவை அடித்தது என்று எண்ணாதே. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைக் கேள். படகு இந்நேரம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வை." நான் அப்படியே மாற்றி எழுதினேன். இப்போது எந்த மெஷினிலும் ஒரே வேகம். பிரிண்டர் கத்தி முடித்ததும் படகு தாமதித்த நேரத்தையெல்லாம் ஈடுகட்டி, ஒரே தாவலில் தான் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. பெருமையோடு சகாயத்தைப் பார்த்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நடுவுல கீற எழுத்து எங்கக்கா போச்சு?"

"லேட் ஆனத அது சரி பண்ணிக்குதுடா. இதான் கரெக்டு. மிஸ்ஸே சொன்னாங்கோ."

அவன் ஒவ்வொரு வார்த்தையாகப் போராடி, "இது மாமா மாறியே பண்ணுதுக்கா" என்றான். பழையதையே போடச் சொன்னான். அது நின்றால் நிற்கட்டும், நின்ற இடத்திலிருந்துதானே மறுபடி கிளம்புகிறது, எதையும் விட்டுவிட்டு ஓடவில்லையே என்பது அவன் சொல்ல வந்தது. அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று, நான் பாதியில் முடித்துவைக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். மனசே இல்லாமல்தான் பழையதைப் போட்டுக் கொடுத்தேன். சரியானதைச் செய்து வைத்திருக்கும்போது தப்பானதைக் கேட்கிறானே என்று இருந்தது. அதன் பிறகு வந்த மத்தியானமெல்லாம் அவன் அந்தத் தப்பான படகோடுதான் பழகினான். பிரிண்டர் கத்தினால் படகும் நிற்கும், அவனும் நிற்பான். படகு கிளம்பினால் அவனும் கிளம்புவான். நாள் போகப்போக, நிற்கிற நேரத்தில் அவன் கழுத்து நரம்பு புடைப்பது நின்றுபோயிற்று.

கல்லறைத் திருநாள் வந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, கடல் சேற்று நிறத்தில் பொங்கியது. "இந்த வருசம் நான் சொல்லிடறேன், புள்ளைய ஏம்மா பேஜார் பண்ற?" என்றார் மாமா. அம்மா மெழுகுவத்தியை ஊன்றினாள். சகாயம் தண்ணீரில் இறங்கினான்.

உதடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு மத்தியானமும் வீண் என்று நினைத்தேன். ஆனால் அவன் கண்ணை மூடவில்லை, தலையை உதறவில்லை. சும்மா நின்றான். 'பாக்' என்று வந்தது. பிறகு 'கி'. பிறகு 'ய'. அதோடு மறுபடி நின்றது. அலை முழங்காலை அடித்தது. மாமா மூச்சை இழுப்பது கேட்டது, வாயைத் திறந்துவிட்டார், அந்தக் கணத்தில் அம்மா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தராசுத் தட்டு நிற்பதற்குள் காசைக் கேட்டு வாடிக்கைக்காரரை விரட்டுகிறவள், குழாயடியில் யாருக்கும் அரை நிமிஷம் விட்டுக்கொடுக்காதவள், அசையாமல் நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பார்த்துப் பின்னால் இருந்த வீடுகளும் நின்றன. யாரும் இருமவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது, அதன் தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணவில்லை.

'நா' என்றான். 'தன்' என்றான்.

'வந்து சேரு' என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா மாமாவின் கையை அப்போதுதான் விட்டாள்.

இன்று நான் சம்பளம் வாங்குவதே படங்களை அசைய வைக்கத்தான். போனில் நீங்கள் விரலால் தள்ளுகிற பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த மாதிரி வேலை. மெஷின் தாமதித்தால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டுத் தாவச் சொல்லித்தான் நாங்கள் எழுதுகிறோம். அதுதான் சரி, மிஸ் சொன்னது சரிதான், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்குள் ஏதோ கொஞ்சம் தயங்கும். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அந்த ஃபிளாப்பி என் அலமாரியில் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்க எந்த மெஷினும் இல்லை. நாங்கள் பேர் விட்ட மணலைக் கடல் தின்றுவிட்டது. கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள், கணுக்கால் நனைய இறங்க இடமில்லை. அம்மா போன வருஷம் போய்விட்டாள். அதனால் எங்களுக்கும் இப்போது ஒரு கல்லறை உண்டு. அங்கே சாமந்தி வைத்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போகிறோம்.

சகாயம் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. இந்த வருஷம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, பேர் விடுவதற்காகத் தன் குரலைப் பதிவு செய்து போனில் அனுப்பியிருந்தான். கல்லின்மேல் நாலைந்து வீட்டார்தான் நின்றிருந்தோம். மாமா வயதாகிக் குடையை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். போனை என் மகள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஓட்டிக் கேட்டே பழகியவள், கை போன போக்கில் வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டாள். சரசரவென்று ஏதோ கேட்டது. நான் வாங்கி, வேகத்தைக் குறைத்து, முதலிலிருந்து ஓட விட்டு, கடலைப் பார்த்து நீட்டினேன்.

கப்பல் இஞ்சினின் உறுமல் கேட்டது. 'பாக்' என்றான் தம்பி. 'கி' என்றான். 'ய' என்றான். அப்புறம் சத்தமில்லை, இஞ்சின் மட்டும் ஓடியது. யாரோ முடித்துவைக்க வாயைத் திறந்தார்கள். மாமா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"நின்னுடுச்சாமா?" என்று மகள் என் காதோரம் கேட்டாள்.

"நிக்கல. வருது. இரு" என்றேன்.